சாலி நானாவின் பெட்டியில் இருந்த பாவாடை

என் பக்கத்து மூச்சாக நின்ற சாலி நானாவுக்கு, புசல்லாவையிலிருந்து முத்தையா.

நீங்கள் போய் ஆறு மாதம் ஆகப்போகிறது. கடைத்தெருவில் உங்கள் தையல் கடை இருந்த இடத்தில் இப்போது ஒருவர் வெற்றிலை விற்கிறார். நல்ல மனிதர்தான். ஆனாலும் நான் அந்தப் பக்கம் வந்தால் ரோட்டின் மறு கரையில்தான் நடக்கிறேன்.

ஒரு சங்கதி சொல்லத்தான் இந்தக் கடிதம். நான் பள்ளிக்கூடம் போனவனில்லை, கூட்டிக் கூட்டித்தான் எழுதுகிறேன். சுற்றிச் சுற்றி வருவேன், நீங்கள்தான் பொறுக்க வேண்டும். உயிரோடு இருந்தபோதே பொறுத்தவர்தானே.

சங்கதி இதுதான். உங்கள் மனைவி சுலைஹா ராத்தா, நாலு மாதம் பத்து நாள் வெளி ஆண் முகம் பார்க்காமல் இத்தா இருந்து முடித்தார்கள். முடித்த பிறகு, கடையிலிருந்து கொண்டுபோன உங்கள் தகரப் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். அடியில் ஒரு பாவாடை. சிவப்பும் பச்சையுமாகக் கட்டம் போட்டது, முன்னால் கொசுவம் வைத்தது. புசல்லாவையில் உங்களுக்கு இன்னொரு பெண் இருந்தாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது நானா. பிறகு நின்றுவிட்டது.

அது யாருடைய பாவாடை என்று தெரிந்தவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர் மிச்சம்? தோட்டத்து வெள்ளைக்காரத் தொர கப்பலேறிவிட்டார். தேயிலை விலை விழுந்த வருஷம் நம்மோடு ஊதினவர்களில் நாலு பேர் இந்தியாவுக்குத் திரும்பிவிட்டார்கள். மத்தளக்காரன் ராமன் ஹட்டன் பக்கம் போனவன், போனவன்தான். உங்களையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால், மிச்சம் நான் ஒருவன்.

அந்தத் தொர தன் ஊர் நாயனத்தை நமக்குப் பழக்க வேண்டும் என்று ஏன் ஆசைப்பட்டார் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. தோல்பையை அக்குளில் இடுக்கி, வாயால் காற்றை நிரப்பி, விரலால் குழலில் பாட்டுப் போடுகிற அந்த பைப்பை முதல்முதல் கேட்ட அன்று, தேயிலை அரைக்கிற ஸ்டோரில் சல்லடை அடித்துக்கொண்டிருந்த நான் மாட்டுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று வெளியே ஓடினேன். பார்த்தால் தொர, பங்களா புல்வெளியில் தனியாக நடந்து நடந்து ஊதிக்கொண்டிருக்கிறார். கேட்க ஒரு ஆள் கிடையாது. தனக்குத் துணைக்கு ஊத ஆள் வேண்டும் என்றுதான் நம்மைச் சேர்த்தார் என்று இப்போது தோன்றுகிறது. இப்போதுதான் தோன்றுகிறது.

நீங்கள் ஊத வந்தவரே இல்லை. உடுப்புத் தைக்க வந்தவர். ஊதுகிற ஐந்து பேருக்கும் மத்தளக்காரனுக்குமாக ஆறு கில்ட், அவர்கள் ஊர் ஆம்பிளைகள் கட்டுகிற பாவாடை, வேண்டும் என்று தொர துணியையும் ஒரு படத்தையும் கொடுத்தார். படத்தில் இருந்தவன் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றான். நீங்கள் அதை ராத்திரி பகலாகப் பார்த்தீர்கள். "முத்தையா, இவன் ஏன் கொசுவத்தப் பொறத்தால வெச்சிருக்கான்? படம் கீறினவனுக்குத் துணி தெரியா. கொசுவம் எண்டா முன்னுக்குத்தானே வரணும்" என்று சொல்லி, ஆறு கில்ட்டுக்கும் மடிப்பை முன்னால் வைத்துத் தைத்து முடித்தீர்கள்.

தொர பார்த்துவிட்டு வாயைத் திறந்தவர் மூடவில்லை. "ஏ தையல்காரன்! மடிப்பு பின்னால! பின்னால!" என்று கத்தினார். நீங்கள் அசரவில்லை. "தொர, பின்னுக்கு வெச்சா குந்தி எழும்பக்குள்ள கசங்கிப் போகும். அதோட, தைச்சவனோட கைவேல முன்னுக்கு நிக்கிறவனுக்குத் தெரிய வாணாமா?" என்றீர்கள். கங்காணி அதை எப்படிச் சொல்லி விளங்கவைத்தாரோ, தொர சிரித்து உட்கார்ந்துவிட்டார். மறுபடி பிரித்துத் தைக்க நேரமில்லை. அன்றிலிருந்து இந்த உலகத்திலேயே முன்னால் கொசுவம் வைத்த பைப் கூட்டம் நாம் ஒன்றுதான்.

பிறகு ஒரு தோல்பையின் பிரிந்த தையலைத் தைத்துவிட்டு, காற்று விடுகிறதா என்று பார்க்க வாயில் வைத்து ஊதினீர்கள். வைத்தவர் எடுக்கவில்லை. ஊதுகிற ஐந்து பேரோடு ஆறாவது ஆளாக நின்றீர்கள். முழங்கால் தெரியக் கூடாது என்று உங்களுக்கு மட்டும் நாலு விரல் நீட்டி ஒரு கில்ட் தைத்துக்கொண்டீர்கள். தொர அதற்கும் முறைத்தார். "அது எங்கட முறை தொர" என்று ஒரே வார்த்தையில் முடித்தீர்கள்.

தோல்பை காயாமல் இருக்கக் கித்துள் மரத்து இனிப்புப் பாணி ஊற்றிய கதை ஞாபகம் வருகிறது. தொர சொன்ன மருந்து கிடைக்கவில்லை, பாணி போதும் என்று சொன்னது நீங்கள்தான். மறுநாள் பையை எடுத்து ஊதினால் குழலின் வழியாக எறும்பு! நம்மோடு ஊதின பெரியசாமி துப்பின துப்பில் நாலு எறும்பு தொரயின் சட்டையில். அதிலிருந்து பெரியசாமி உங்களைக் கண்டால், "நானா, இன்னிக்கு என்ன கறி போட்டிருக்கீங்க?" என்று கேட்காமல் விட்டதில்லை. சரி, இது எங்கேயோ போகிறது.

வெளி ஆட்களுக்கு ஒன்று தெரியாது. பைப் ஊதுகிறவன் தன்னுடைய சுருதியைத் தானே சரி பார்க்க முடியாது. தோளில் சாய்ந்து கிடக்கிற மூன்று குழலும் காதுக்கு மேலேயே இழுத்துக்கொண்டிருக்கும், அது எவ்வளவு விலகியிருக்கிறது என்று ஊதுகிறவனுக்குக் கேட்காது. கையும் பாட்டை விட்டு வர முடியாது. அதனால் பக்கத்தில் நிற்கிறவன் தன் ஊதலை நிறுத்தி, எட்டிக் கையை நீட்டி, ஒரு நூல் ஏற்றி இறக்கிச் சேர்த்துவிடுவான். ஏழு வருஷம் என்னுடையதை நீங்கள் சேர்த்தீர்கள், உங்களுடையதை நான் சேர்த்தேன். நாம் பேசாமல் பேசினது அதிகம்.

அப்படி இருந்தும் உங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. வியாழன் சாயங்காலம் பஸ் ஏறி உங்கள் ஊர் அலவத்துகொடைக்குப் போவீர்கள், வெள்ளி ஜும்மா தொழுதுவிட்டு, சனிக்கிழமை திரும்புவீர்கள். ஞாயிறு தோட்டத்து ஜனம் கடைத்தெருவுக்கு வருகிற நாள், தையல் மும்முரம் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தீர்கள். பகல் இரண்டு மணிக்குக் கடைப் பலகையைச் சாத்திவிட்டு மேலே தோட்டத்துக்கு ஏறி வந்துவிடுவீர்கள்.

ஒருநாள் நான் கேட்டேன், ஏன் இப்படி என்று. "வாப்பா பள்ளிவாசல்ல முன்னுக்கு நிக்கிற மனுசன்டா. கொட்டு, குழல் எங்கட ஊட்டுல இல்ல. அது ஒண்டு. மத்தது, என்னப் பாவாடயோட கண்டா பொஞ்சாதி மௌத்தாகி மண்ணுக்குப் போகும்வரை சிரிப்பா. அவ சிரிச்சா எனக்குத் தாங்கேலா. நீ ஒருத்தருக்கும் சொல்லப்படாது, கேட்டியா?" என்றீர்கள். நான் உங்கள் கையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன்.

கண்டிக்குப் போய் ஊதின ஞாயிற்றுக்கிழமை வேறு இருக்கிறதே. வாவிக்கரை ரோட்டில் நாம் வரிசையாகப் போகும்போது ஒருவன், "டேய், பொம்பளப் பட்டாளம் வருது டோய்!" என்று கத்தினான். நீங்கள் குழலை வாயிலிருந்து எடுத்து, "ஒன் சாரத்துல ஒரு மடிப்பு ஈக்கா? எண்ணிப் பாரு, இதுல இருவத்திரெண்டு!" என்று சொல்லிவிட்டு மறுபடி ஊதத் தொடங்கினீர்கள். பாட்டு அதற்குள் பாதி போய்விட்டது. நீங்கள் மற்றப் பாதியில் வந்து ஏறினீர்கள்.

அன்றைக்குத்தான் உங்கள் மச்சான், ராத்தாவின் தம்பி நிஸாமுக்குக் கல்யாணம். நீங்கள், எல்லாரும் கூடிச் சாப்பிட்ட சஹன் தட்டெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு போய்ச் சேர்ந்தீர்கள். 'அவசரத் தையல்' என்றீர்களாம். அந்த ஒரு வார்த்தையை அவர்கள் மறக்கவில்லை நானா.

காய்ச்சல் வந்தது. ஊருக்கு ஊர் ஆட்களைக் கொண்டுபோனது, உங்கள் உடம்பிலும் ஏறியது. நீங்கள் பாதி தைத்த துணிகளைக் கட்டிக்கொண்டு, "ரெண்டு நாள்ல வாரேன்" என்று போனீர்கள். பக்கத்துக் கடைக்காரர் எனக்குச் செய்தி சொன்னபோது நான் சல்லடையில் நின்றேன். கேட்டுக்கொண்டு சல்லடையை மறுபடி ஆட்டத் தொடங்கினேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு ஞாபகமில்லை.

நான் அலவத்துகொடைக்கு வந்து சேர்ந்தபோது உங்களை அடக்கி ஒரு நாள் ஆகியிருந்தது. வாசலில் நிஸாம் நின்றார். "யாரு நீங்க?" என்று கேட்டார். நான் என்ன சொல்வது? ஏழு வருஷம் பக்கத்தில் நின்றவன் என்றால் எங்கே நின்றாய் என்று கேட்பார். "சட்டை தைக்கக் குடுத்த ஆளுங்க" என்றேன். அவர் மரியாதையான மனிதர். அந்தத் துக்கத்திலும் உள்ளே போய், உங்கள் துணிக்கட்டைப் பிரித்து, ஒற்றைக் கை மட்டும் தைத்த ஒரு சட்டையைக் கொண்டுவந்து, "இதுவா பாருங்க" என்றார். ஆமாம் என்று வாங்கிக்கொண்டேன். யாரோ ஒல்லிப் பையனின் சட்டை. வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுதால், ஒரு சட்டைக்காகவா இந்த ஆள் இப்படி அழுகிறான் என்று நினைப்பார்கள். அதனால் அழவில்லை.

போன மாதம் நிஸாம் கடைத்தெருவுக்கு வந்தார். கையில் தாளில் சுற்றின பொட்டணம். என்னைக் கண்டதும் அடையாளம் பிடித்துவிட்டார். "அண்ணே, நீங்க மச்சான்ட கடைக்கு வந்து போற ஆள்தானே. ஒரு விசயம் கேக்கணும்" என்று தேத்தண்ணிக் கடையின் மூலைக்குக் கூட்டிக்கொண்டுபோய்ப் பிரித்தார். உங்கள் கில்ட்.

"இது யார்ட? இங்க அவருக்குப் பொம்புள ஆரும் ஈந்தாங்களா? மறைக்காம சொல்லுங்க. ராத்தா சாப்பிடுறதில்ல, பேசுறதில்ல."

உங்கள் கையில் அடித்த சத்தியம். "தெரியாதுங்க" என்றேன்.

அவர் பொட்டணத்தைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "தையல் மச்சான்டதான், ராத்தாக்குத் தெரியும். அதான் அவவுக்குத் தாங்கல்ல. 'இருவத்திரெண்டு மடிப்பு, ஒண்டுக்கொண்டு மயிரளவு பெசகல்ல. எனக்கு இப்படி ஒரு துணி தைச்சுத் தரல்லியே'ண்டு ஒரு சொல்தான் சொன்னா."

நானா, அந்தச் சொல் என்னைத் தூங்க விடவில்லை. ஒரு கிழமை யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை ஸ்டோருக்குப் பின்னால் போய் பைப்பை எடுத்து ஊதிப் பார்த்தேன். சுருதி விலகிக் கிடந்தது தெரிந்தது, எந்தக் குழல் என்று தெரியவில்லை. உங்களிடம் கேட்கத்தான் ஊதினேன். சத்தியத்தைக் காப்பாற்றினால் நீங்கள் கள்ளம் செய்த புருஷனாகக் கிடப்பீர்கள். உடைத்தால் பாவாடை கட்டினவராகக் கிடப்பீர்கள். இதில் எது உங்களுக்குக் கூச்சம் அதிகம்? உங்கள் கூச்சத்தைப் பார்க்கவா, ராத்தா தொடாத சோற்றைப் பார்க்கவா?

போன வெள்ளிக்கிழமை லீவு கேட்டு வாங்கி, என்னுடைய கில்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

நிஸாம் விறாந்தையில் கதிரை போட்டு உட்காரச் சொன்னார். ராத்தா உள்ளறைத் திரைக்குப் பின்னால் வந்து நின்றார்கள், வளையல் இல்லாத கை திரையைப் பிடித்திருந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். தொர, பைப், தோல்பை, ஞாயிற்றுக்கிழமை, எல்லாம். சொல்லி முடித்ததும் திரைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"நிஸாம், இவரு அவருக்குக் கூட்டாளி. கூட்டாளி கூட்டாளிய மறைக்கத்தான் செய்வான். ஆம்புள பாவாட கட்டுவானா? போகச் சொல்லு."

நான் எழுந்து கிணற்றடிப் பக்கம் போய், வேட்டியைக் கழற்றி என் கில்ட்டைக் கட்டிக்கொண்டு வந்து விறாந்தையில் நின்றேன். முழங்கால் தெரிய நின்றேன். வேலிக்கு வெளியே ரெண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். நிஸாம், "அல்லாவே, இதென்ன கோலம்!" என்று எழுந்துவிட்டார்.

நான் சொன்னேன்: "ராத்தா, உங்க வீட்டுக்காரரு எனக்கும் இதே கையாலதான் தைச்சாரு. முட்டி தெரியக் கூடாதுன்னு அவருடையத மட்டும் நாலு விரக்கடை நீட்டிக்கிட்டாரு. ரெண்டையும் வச்சுப் பாருங்க."

வேட்டியை மறுபடி சுற்றிக்கொண்டு, என் கில்ட்டை அவிழ்த்து உள்ளே கொடுத்தேன். திரைக்குக் கீழே, பாயில் அவர்கள் ரெண்டையும் விரிப்பது தெரிந்தது. கட்டத்துக்குக் கட்டம் சேர்த்துவைத்துக் கையால் அளந்தார்கள். ஒரு முறை அளந்து, திரும்பவும் அளந்தார்கள்.

"நாலு விரல்தான்" என்றார்கள்.

பிறகு, "ஏழு வருசம். எனக்கு ஒரு வார்த்த சொல்லல்லியே" என்றார்கள். கோபமில்லை நானா. கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"நீங்க சிரிப்பீங்கன்னு கூச்சப்பட்டாரு" என்றேன்.

"சிரிச்சிருப்பன்தான். அதுக்கென்ன? சிரிக்கிறதுக்கு எனக்கு இந்த ஊட்டுக்குள்ள வேற என்ன ஈந்த?"

அதற்குப் பதில் உங்களிடம் இருக்கிறதா?

கடைசியில் ஒன்று கேட்டார்கள். "அவரு நல்லா ஊதுவாரா?"

நிஸாம் என்னைப் பார்த்தார், ஆமாம் என்று சொல்லுங்களேன் என்கிற மாதிரி. நான் உள்ளதைச் சொன்னேன். "ரொம்பச் சுமார்தான் ராத்தா. பாட்டுத் தொடங்கி எல்லாரும் நாலு அடி வச்ச பொறகுதான் அவரு மூச்சு வரும். தொர திட்டாத ஞாயித்துக்கிழமை இல்ல. ஆனா மத்தவங்க சுருதியச் சேக்குறதுல அவரு மாதிரி கை இல்ல."

"அப்ப நீங்க சொல்றது உண்மதான்" என்றார்கள். "ஊட்டுலயும் எல்லாத்துக்கும் பிந்தித்தான் வருவாரு."

நிஸாம் தேத்தண்ணி கொண்டுவந்தார். அன்று உள்ளேயும் ஒரு கோப்பை போனது, காலியாகத் திரும்பி வந்தது. நான் புறப்படும்போது ராத்தா சொன்னார்கள்: "தம்பி, அவர்ட ஞாயித்துக்கெழமையெல்லாம் ஒங்கட கையிலதானே ஈக்கி. என்ட பங்கு எனக்கு வாணும். நிஸாம் ஈக்கிற நாளாப் பாத்து வாங்க. ஒவ்வொண்டாச் சொல்லுங்க."

நானா, உங்கள் சத்தியத்தை உடைத்துவிட்டேன். மன்னிக்கச் சொல்லி இப்போது கேட்கவில்லை, எல்லாம் சொல்லி முடித்த பிறகு கேட்கிறேன். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை லீவுக்குச் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவைக்கு ஒரு ஞாயிறு என்று வைத்தால், ஏழு வருஷத்து ஞாயிறுகள் முடிவதற்குள் எனக்கு நரைத்துவிடும். முடியட்டும் என்று அவசரம் எனக்கும் இல்லை. முடிந்த பிறகு நான் எந்த வீட்டு விறாந்தையில் போய் உட்காருவேன்?

ஒன்றுக்கு மட்டும் வாக்குத் தருகிறேன். போனவரைப் பற்றிப் பேசுகிறோம் என்று உங்களைக் கெட்டிக்காரராக ஆக்கிச் சொல்லமாட்டேன். நீங்கள் பிந்தின பாட்டிலெல்லாம் பிந்தியே வருவீர்கள். நான் கதையை நிறுத்திவைத்து, நீங்கள் வந்து சேருகிறவரை காத்திருந்து, அதற்குப் பிறகுதான் அடுத்த அடி வைப்பேன்.

வரிசையில் உங்கள் வலப்பக்கத்துத் தம்பி,
முத்தையா